அடைப்புக்குள் ஆள் மாறிய நாள்

பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் முனையால் திரையில் தெரியும் ஒவ்வொரு கமாவையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அக்கா அடுத்த வரிக்குப் போவார். தட்டும்போது உதடு அசையும். பெயர், தட்டு. வருஷம், தட்டு. அடைப்பு மூடியாயிற்று, தட்டு. சாயங்காலத்துக்குள் திரையெங்கும் ரப்பர்த் துகள் அப்பியிருக்கும். கடை சாத்துவதற்கு முன் பழைய பனியன் துணியால் அதைத் துடைப்பது என் வேலை.

எங்கள் கடை பல்கலைக்கழக வாசலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் மூன்றும் ஒரே அறையில். முன்னால் ஜெராக்ஸ் மெஷினும் முதலாளியும். நடுவில் அக்காவின் கம்ப்யூட்டர். பின்சுவரை ஒட்டிப் பைண்டிங் மேசை, அங்கே நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் முதலாளியைக் கை காட்டிவிடுவேன். அட்டைக்குப் பசை தடவி நிமிரும்போதெல்லாம் அக்காவின் முதுகும், தோளுக்கு மேலாகத் திரையும் தெரியும். பதினோரு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாணவர்கள் அவருக்குக் கமா அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியாது என்று நினைப்பு. புது டிபன் பாக்ஸ் வாங்கியபோது, பாத்திரக் கடைக்காரர் அடியில் என்ன பெயர் வெட்டட்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு கமா போடுங்கள் என்றாராம் அக்கா. பெயர் என்னம்மா என்று அவர் திரும்பக் கேட்க, “அதாங்க பேரு” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும்போது பார்த்தால் தெரியும். கொஞ்சம் வால் நீண்ட கமா.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் அடுத்தவர் சொன்னதை எடுத்து எழுதினால், யார் சொன்னது என்று காட்ட வேண்டும். சில துறைகளில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் போடுவார்கள். புத்தகத்தின் கடைசியில் அந்த எண்ணுக்கு நேராக விவரம் இருக்கும். சில துறைகளில் வளைந்த அடைப்புக்குள் ஆசிரியர் பெயரையும் வருஷத்தையும் அந்த வரியிலேயே எழுத வேண்டும். கடைசியில் உள்ள பட்டியல் அகரவரிசையில் போகும். எந்தத் துறைக்கு எது என்பதைப் பெரியவர்கள் உட்கார்ந்து அவ்வப்போது மாற்றுவார்கள். அவர்கள் அங்கே மாற்றினால் இங்கே அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வரிசை நிற்கும்.

எழுதியிருப்பதைப் படிப்பதில்லை என்று அக்கா எல்லோரிடமும் சொல்வார். “எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? சட்டைக்குப் பட்டன் தைக்கிறவகிட்ட சட்டை யாருக்குன்னு கேப்பாங்களா?” ஆனால் படிப்பார். கால்நடை மருத்துவ மாணவன் ஒருவனின் ஆய்வேட்டுக்கு வேலை செய்த வாரம் முழுக்க, சாப்பிடும்போது தானே சிரித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டதற்கு, “ஒரு எருமைய நாலு வருஷம் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கான். அது இவனை ஒரு தடவையாவது நிமிந்து பாத்துச்சான்னு எங்கயும் எழுதல” என்றார்.

அடைப்புகளை வைத்தே ஆளை எடைபோடுவார். ‘மற்றும் பலர்’ என்று அதிகமாக எழுதுகிறவனுக்கு மற்றவர்கள் பெயரை எழுதக் கை வலிக்கிறது. பெயர் சரியாக இருந்து வருஷம் தப்பாக இருந்தால், புத்தகத்தைப் பார்க்காமல் இன்னொருவன் எழுதியதைப் பார்த்து எழுதியவன். ஒரு பேராசிரியர் தன் கட்டுரையில் தன்னையே பதினாலு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தார். “சாட்சிக்கு வேற ஆள் கிடைக்கல போல” என்று சொல்லிக்கொண்டே பதினாலு கமாவையும் தட்டினார்.

அவர் கணவருக்குக் கிடங்கு ஒன்றில் ராக்காவல். பகலில் தூங்கிப் பதினோரு மணிக்கு எழுந்து போன் செய்வார். உப்பு எங்கே, தேங்காய்த் துருவி எங்கே, மீட்டர் அட்டை எங்கே. “இருபத்தாறு வருஷமா உப்பு அதே அலமாரிலதான் இருக்கு. அதுக்கும் அடைப்புக்குறி போட்டு எழுதி ஒட்டவா?” என்பார் அக்கா. வலது கை மவுஸில் இருக்கும். இடது கையில் போன். பேச்சும் நிற்காது, வேலையும் நிற்காது. அந்தத் திறமையைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட இருந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நடந்ததற்குப் பிறகு இல்லை.

அன்று கடை திறந்ததும் வந்தவள் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதுப் பெண். ஆய்வு மாணவி. மாணவர்களை அவர்கள் ஆராய்ச்சி செய்த வருஷங்களைக் கொண்டுதான் அக்கா அழைப்பார். ‘நாலு வருஷத்தோட அட்டை காஞ்சுதா?’, ‘அஞ்சு வருஷம் பணம் அனுப்பிச்சா?’ என்று. இவள் ‘ஏழு வருஷம்’. கல்யாணம், பிள்ளை, வேலை, அப்பாவுக்கு நோய் என்று இழுத்துக்கொண்டே போய் இரண்டு முறை அவகாசம் வாங்கியிருந்தாள். இனி அவகாசம் கிடையாது. அன்று மாலை நான்கு மணிக்கு எதிரே உள்ள அலுவலகத்தில் மூன்று பிரதிகளைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் போன இடம் தெரியாது. இந்த நேரம் பார்த்து முந்தின வாரம்தான் அவள் துறையில் எண் முறையை எடுத்துவிட்டுப் பெயர், வருஷ முறைதான் என்று அறிவித்திருந்தார்கள்.

ஊர் ஓரக் குடியிருப்புகளில் தண்ணீர் பிடிப்பதற்குப் பெண்கள் செலவழிக்கிற நேரத்தைப் பற்றிய ஆய்வு. முந்நூற்று எண்பத்தெட்டு இடங்களில் சதுர அடைப்பு. கடைசியில் இருநூற்றுப் பதினாலு புத்தகங்கள். அவளுடைய லேப்டாப் பத்து நாளைக்கு முன் உயிரை விட்டுவிட்டதாம். இருந்ததெல்லாம் கழுத்தில் தொங்கிய பென் டிரைவ்தான்.

“மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து எடுத்துக்கோ. இது எனக்குச் சாதாரணம்” என்றார் அக்கா. அவள் போகவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இந்த வேலைக்கு அக்காவிடம் ஒரு முறை உண்டு. முதலில் கடைசிப் பட்டியலைப் பழைய எண்களோடு தாளில் அச்செடுப்பார். அதைத் திரைக்கு இடப்பக்கம் உள்ள மரச்சட்டத்தில் கிளிப் போட்டு மாட்டுவார். அதற்குப் பிறகுதான் திரையில் உள்ள பட்டியலை அகரவரிசைக்கு மாற்றுவார். பிறகு தாளைப் பார்த்துப் பார்த்து, ஒன்றாம் எண்ணைத் தேடி அங்கே முதல் ஆசிரியரின் பெயர், இரண்டாம் எண்ணைத் தேடி அங்கே அடுத்தவர் பெயர் என்று மாற்றிக்கொண்டு போவார். முதலில் அச்சு, அப்புறம் அடுக்கு. இது மாறவே கூடாது.

அன்று பத்தரை மணிக்கு யாரோ ஒரு வக்கீலின் முந்நூறு பக்கம் பிரிண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா காத்திருந்தார். அன்றைக்கென்று பார்த்துக் கணவர் அரைமணி முன்னதாகவே எழுந்துவிட்டார். கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார், புத்தகம் எங்கே என்று போன். பீரோவுக்கு மேலே என்றார் அக்கா. பீரோவுக்கு உள்ளே இல்லை, மேலே. முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு தேடுங்கள். இடது கையில் போன் இருந்தது. வலது கை மவுஸில் இருந்தது. வலது கை சும்மா இருக்கவில்லை.

பிரிண்டர் ஓய்ந்ததும் ஏழு தாள்கள் வந்தன. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கிளிப்பில் மாட்டினார். வேலை ஓடியது.

ஒன்றே முக்கால் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து, மூடிய கோப்பைத் திறந்து, பாதிக்கு மேல் முடித்திருந்தார். பென்சில் ஓர் இடத்தில் நின்றது.

“ஏம்மா, இந்த வரில ‘இவ்விருவரும்’னு எழுதியிருக்க. அடைப்புல ஒத்தை ஆளுதான் வர்றார். ரெண்டு பேரா, ஒருத்தரா?”

ஸ்டூலில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேர்தான், கணவனும் மனைவியும், சேர்ந்துதான் எழுதினார்கள் என்றாள். இந்த ஆள் இங்கே எப்படி வந்தார் என்று அவளே கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானே எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பேன் என்றும் சொன்னாள்.

அக்கா சிரிக்கவில்லை. மேலே போனார். ஓர் அடைப்பைப் பார்த்தார். இன்னும் மேலே போனார். தண்ணீர் லாரியைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில் பிரசவ வார்டைப் பற்றிய புத்தகம் நின்றது. குடத்தின் எடையைப் பற்றிய வரியில் நகரசபைச் சட்டம். அக்காவின் கை மெதுவாக மவுஸை விட்டு விலகி மடிக்குப் போனது. மரச்சட்டத்தில் இருந்த தாளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதல் தாளில் உள்ள பெயர்கள் எல்லாம் அ, ஆ, இ என்று ஆரம்பித்தன.

அச்செடுப்பதற்கு முன்பே அடுக்கியாகிவிட்டது. பட்டியலுக்கான எண்களைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்கிறது. புத்தகங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று புதிதாக எழுதிக்கொள்ளும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே நாற்பத்திரண்டு என்று இருந்தால் அது பழைய நாற்பத்திரண்டு. தாளில் உள்ள நாற்பத்திரண்டு வேறு யாரோ. காலையிலிருந்து அக்கா வேறு ஆட்களைக் கொண்டுபோய் அடைப்புக்குள் உட்கார வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கோப்பைப் பென் டிரைவிலிருந்தே திறந்து அதிலேயே வேலை பார்த்ததால் பழையது அதிலும் இல்லை; சாப்பிடப் போகும்போது மூடிவிட்டதால் செய்ததைப் பின்வாங்கவும் வழியில்லை. கம்ப்யூட்டரில் நகல் ஒன்று எடுத்து வைத்திருந்தார். அதுவும் அடுக்கியதற்குப் பிறகு எடுத்த நகல். நகலுக்குள் பழைய எண்கள் அப்படியே இருந்தன. அந்த எண்களுக்கு உரிய புத்தகம் எது என்று சொல்லும் பட்டியல் உலகத்தில் எங்கேயும் இல்லை.

அவர் எழுந்து போய்ப் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டார். குடிக்கவில்லை. முதலாளி அருகே போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது கேட்கவில்லை. அந்தச் சத்தத்தை மீற வேண்டும் என்பதற்காக முதலாளி சற்று உரக்கப் பேசியது எனக்குக் கேட்டது.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

அக்கா தலையாட்டினார், இல்லையென்று.

“அப்புறம் என்ன? முந்நூத்தி எண்பத்தெட்டு அடைப்பு. எவன் ஒவ்வொன்னா தொறந்து பாக்கப் போறான்? அட்டையைப் போட்டு அனுப்புங்க. நாலு மணிக்குப் போய்ச் சேரலன்னாதான் அவளுக்குக் கஷ்டம்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஒழுங்காக இருக்கிற தப்பு. பெயர் இருக்கிறது, கமா இருக்கிறது, வருஷம் இருக்கிறது. நான் பசைக் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பத்திரண்டு. வெந்நீரை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

திரையை அவள் பக்கமாகத் திருப்பினார். நின்றுகொண்டேதான் சொன்னார்.

“அச்சு எடுக்கறதுக்கு முன்னாடி அடுக்கிட்டேன். காலைலேர்ந்து போட்டது எல்லாம் தப்பு. உன் மேல ஒன்னும் இல்ல. நான் பண்ணினது.”

அவளுக்கு உடனே புரியவில்லை. அக்கா தாளைக் காட்டினார். தண்ணீர் லாரியைக் காட்டினார். புரிந்தபோது அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நகருங்கள் என்று மட்டும் சொன்னாள். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் உட்கார்கிற ஸ்டூல். பதினோரு வருஷத்தில் அவரை அதில் நான் பார்த்ததில்லை. கால் தரையில் எட்டவில்லை.

ஞாபகத்திலிருந்தே எழுதிவிடலாம் என்று அவள் நினைத்தாள். ஏழு வருஷம் கூடவே இருந்த புத்தகங்கள் இல்லையா? ஒன்று இது, இரண்டு இது, மூன்று அந்த அறிக்கை என்று வேகமாகத் தட்டினாள். பதினொன்று வரை வந்தது. பன்னிரண்டில் நின்றாள். பன்னிரண்டையும் பதினைந்தையும் மாற்றிப் பார்த்தாள். திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஒன்பதில் நின்றது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார், தானாகப் போய் எதையாவது தொட்டுவிடும் என்பதுபோல.

“பழைய பட்டியல் தாள்ல எங்கயாவது இருக்கா?” என்று அக்கா கேட்டார். “யாருக்காவது குடுத்தியா? குப்பைல போட்டிருந்தாலும் சரி.”

மவுஸை விட்டுவிட்டு அவள் சொன்னாள். போன மாதம் நெறியாளருக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறாள். அவர் சிவப்பு மையில் திருத்தித் தன் அறையிலேயே வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்பது புத்தகம் சேர்த்தது உண்மைதான். நடுவில் சொருகினால் எண்ணெல்லாம் மாறும் என்று பயந்து கடைசியிலேயே சேர்த்திருக்கிறாள். ஆனால் அவரிடம் போய்க் கேட்க முடியாது. ‘கடைசி நாள்வரைக்கும் விட்டுவைக்காதே, விட்டுவைத்தால் என் முகத்தில் முழிக்காதே’ என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“நம்பரைக் குடு” என்றார் அக்கா.

அவர் பேசியதைக் கடையில் எல்லோரும் கேட்டோம். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த இருவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எதிரே இருக்கிற டைப்பிங் கடையிலிருந்து பேசுகிறேன், உங்கள் மாணவியின் ஆய்வேட்டில் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன், உங்களிடம் இருக்கும் பிரதி உடனே வேண்டும் என்று கடகடவென்று சொல்லி முடித்தார். அதன் பிறகு மறுமுனையின் குரல்தான். வார்த்தை பிடிபடவில்லை, சூடு மட்டும் கேட்டது. அக்கா மூன்று முறை ‘ஆமா சார்’ என்றார். ஒவ்வொரு முறையும் குரல் ஒரே அளவில் இருந்தது. நான்காவது முறை வேறு சொன்னார்.

“இல்ல சார், பொண்ணு கடைசி நேரம் வரைக்கும் விட்டுவைக்கல. காலைலயே வந்து உக்காந்திருக்கு. மத்தியானம் சாப்பிடவும் இல்ல. திட்டறதுன்னா நாலு மணிக்கு மேல நானே வரேன், என்னைத் திட்டுங்க. இப்ப அந்தப் பிரதியைக் குடுத்தனுப்புங்க.”

போனை வைத்துவிட்டு அவளிடம், ஓடு என்று கையைக் காட்டினார். அவள் ஓடினாள். போகும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுப் போனாள். அது சுழன்று அக்காவின் பக்கம் வந்து நின்றது. அக்கா அதில் ஏறி உட்கார்ந்தார்.

பிரதி வந்தபோது இரண்டு இருபத்தைந்து. ஓரமெல்லாம் சிவப்பு. காலை வேலையை அக்கா அப்படியே குப்பைக்கு அனுப்பினார். நகலைத் திறந்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். பட்டியலை வாசிக்க அவளைத்தான் முதலில் சொன்னார். இருபது எண் தாண்டுவதற்குள் அவள் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“அழற குரல்ல எண் கேக்காது. நீ போய் முகத்தைக் கழுவிட்டு, அந்தக் கடைசி ஒன்பதுல எந்த எண்ணுக்கு எந்தப் புத்தகம்னு தாள்ல எழுது” என்றவர், திரும்பிப் பார்க்காமலே என்னைக் கூப்பிட்டார். “இங்க வா. பெயர் முழுசா வேணாம். மூணு எழுத்தும் வருஷமும் சொல்லு, போதும்.”

பசைக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். வெளிநாட்டுப் பெயர்கள் பாதி என் நாக்குக்கு வராது. மூன்று எழுத்து என்றதால் முடிந்தது. எண், மூன்று எழுத்து, வருஷம். அக்கா திரையில் உள்ள அகரவரிசையில் அதைப் பிடித்துவிடுவார். மாற்று, தட்டு. மாற்று, தட்டு. இரண்டு மூன்று எண்கள் ஒரே அடைப்புக்குள் சேர்ந்து வந்த இடங்களில் நின்று, பிரித்து, நடுவில் அரைப்புள்ளி வைத்து, தட்டுவார். நூறு தாண்டியபோது இரண்டு ஐம்பத்தேழு. அவர் பின்கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். துடைக்கவில்லை. கணவரிடமிருந்து போன் வந்தது. சத்தத்தை அடைத்துக் கவிழ்த்து வைத்தார். திரும்பவும் வந்தது. முதலாளி அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், “அக்கா வேலையா இருக்காங்க. உப்பு அலமாரில இருக்காம்” என்று சொன்னது கேட்டது. யாரும் சிரிக்கவில்லை, பிறகு அதை நினைத்துச் சிரித்தோம்.

இருநூற்று ஐந்தில் நெறியாளரின் பட்டியல் முடிந்தது. மிச்சம் ஒன்பதை அவள் எழுதிக்கொண்டுவந்த தாளைப் பார்த்துப் போட்டார். மணி மூன்று இருபத்தெட்டு. முதலாளி பிரிண்டர், ஜெராக்ஸ் இரண்டு மெஷினையும் அவளுக்கென்று ஒதுக்கினார். காத்திருந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார், இத்தனைக்கும் அந்தக் கடைக்காரரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சூடான தாள்களைத் தட்டிச் சேர்த்து நான் அட்டை போட்டேன். மூன்றாவது பிரதியின் முதுகில் பசை காயவே இல்லை. திறக்காமல் கொடு, திறக்காமல் கொடு என்று சொல்லித்தான் கொடுத்தேன். நான்கு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் அவள் மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைத் தாண்டினாள்.

அக்கா வாசலுக்கு வரவில்லை. மரச்சட்டத்திலிருந்த தாள்களைக் கழற்றி, நான்காக மடித்து, கிழித்துக்கொண்டிருந்தார்.

நான்கு பத்துக்கு அவள் திரும்பி வந்தாள். முத்திரை வைத்த சீட்டை என்னிடம் காட்டினாள். வாங்கிக்கொண்டார்கள் என்று என்னிடம்தான் சொன்னாள். அக்காவின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டும், பஸ் போய்விடும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அக்கா தலையை மட்டும் அசைத்தார். நெறியாளரின் பிரதியை நாளைக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். அவள் போய்விட்டாள்.

புதிதாக வந்து வரிசையில் நின்றவர்களை அக்கா நாளைக்கு வரச் சொன்னார். அவளுடைய கோப்பைத் திரும்பத் திறந்தார். அட்டை போட்டு, முத்திரை விழுந்து, போய்ச் சேர்ந்த கோப்பு. பென்சிலை எடுத்தார். இருநூற்று ஐந்து வரைக்கும் அவர் பார்க்கவில்லை. கடைசி ஒன்பதை மட்டும் பார்த்தார். வரியை முழுக்கப் படித்தார், உதடு அசைய. ஒன்றைத் தட்டினார். இரண்டைத் தட்டினார். நான்காவதில் பென்சில் நின்றது.

“குழாய் போட்டதுக்கு அப்புறம் போய்ப் பாத்தாங்கன்னு எழுதியிருக்கா,” என்றார், என்னிடமா தன்னிடமா தெரியவில்லை. “குழாய் போட்டது எப்பன்னு மேலயே இருக்கு. இந்தப் புத்தகம் அதுக்கு மூணு வருஷம் முன்னாடி வந்தது.”

மிச்சத்தையும் படித்துப் பார்த்துவிட்டு அவளுக்குப் போன் செய்தார். பஸ் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. இருநூற்று ஒன்பதும் இருநூற்றுப் பதினொன்றும் மாறியிருக்கிறதா, ஆமா இல்லை என்று மட்டும் சொல்லு என்றார். ஆமாம் என்றிருப்பாள் போல. எழுதியபோது கை ஓடவில்லை, நான்தான் மாற்றி எழுதிவிட்டேன், திரும்பி வரட்டுமா என்று அழுகையாகக் கேட்டது எனக்கே கேட்டது.

“வேணாம். பஸ்ஸை விட்டு இறங்காத. பிள்ளையைப் போய்க் கூப்பிடு.”

இரண்டே இரண்டு வரி அடித்தார். பக்க எண், இருந்தது, இருக்க வேண்டியது. தலைப்பில் திருத்தம் என்று போட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘தட்டச்சுப் பிழை’ என்று சேர்த்தார். மூன்று சீட்டாக அச்செடுத்தார். என் கத்தரியை வாங்கி ஓரம் பிசிறில்லாமல் வெட்டினார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வெந்நீர் டம்ளரை எடுத்துக் கொட்டப் போனார்.

“கொஞ்சம் பசை குடு. நிறைய வேணாம், தாள் சுருங்கும்.”

தூரிகையைப் பசையில் தோய்த்து அப்படியே கொடுத்தேன். அலுவலக ஜன்னல் மூடியிருந்தாலும் ஐந்து மணி வரை உள்ளே ஆட்கள் இருப்பார்கள். மணி நான்கு நாற்பது. சீட்டு மூன்றையும் இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, பசை சொட்டாமல் தூரிகையை நிமிர்த்திப் பிடித்தபடி அக்கா சாலையில் இறங்கினார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. தூரிகை இருந்த கையை உயர்த்தி, நில் என்று அதற்குக் காட்டினார்.